நானூற்றுப் பத்து கிராம்

பையின் வாயில் குழாயைச் செருகி, ஓரத்தை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காற்றை உறிஞ்சும் இயந்திரத்தின் பொத்தானைத் தட்டினாள். பை சுருங்கியது. உள்ளே இருந்த ஏழு கம்பளி நூல் உருண்டைகளும் ஒன்றை ஒன்று நெருக்கித் தட்டையாகின. கடைசியில் பலகை மாதிரி ஒன்று மிஞ்சியது. விரலால் தட்டிப் பார்த்தாள். டொக்கென்று கேட்டது.

"அக்கா, அது நூல். அதுக்கும் மூச்சு விடணும்," என்றார் பக்கத்து மேசையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர்.

"அங்க போய் விட்டுக்கட்டும்."

பழுப்புக் காகிதத்தை விரித்தாள். மூலைகளை மடித்து, மடிப்பின் மேல் நகத்தால் கோடு இழுத்து, ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டாள். உள்ளே இழை ஓடும் நாடா அது. கையால் கிழியாது. கத்தரிகூட ஒரு தடவை யோசிக்கும். எல்லாம் முடிந்ததும் பொட்டலத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கையை விட்டாள். தரையில் விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தராசில் வைத்தாள். நானூற்றுப் பத்து கிராம்.

கையோடு கொண்டுபோகிற சாமானுக்கு இவ்வளவு கட்டு எதற்கு என்று முத்திரைக்காரர் கேட்டார். கையோடு கொண்டுபோனால் மட்டும் கீழே விழாதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் அடுத்த முத்திரையைக் குத்தினார்.

வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். வாடிக்கையாளர், மேலாளர், டீ கொண்டுவருபவர் எல்லாருக்குமே அவள் பேக்கிங் அக்காதான். எதைக் கட்டினாலும் இடுப்பு உயரத்திலிருந்து ஒரு தடவை கீழே போட்டுப் பார்ப்பாள். புதிதாக வருகிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். "இப்ப உடைஞ்சா உங்க கண்ணு முன்னாடி உடையும். அங்க போய் உடைஞ்சா யாரைக் கேப்பீங்க?" என்பாள். அவள் கட்டி உடைந்தது என்று இதுவரை எதுவும் திரும்பி வந்ததில்லை.

வீட்டிலும் அதே கைதான். சர்க்கரை டப்பாவுக்கு மூடி, மூடிக்குள் ஒரு தாள், மேலே ரப்பர் வளையம். பாதி தீர்ந்த பிஸ்கட் பாக்கெட்டின் வாயை மடித்து நாடா ஒட்டாமல் அவளால் தூங்க முடியாது. அசந்து உட்கார்ந்தால் என்னையும் கட்டி முகவரி எழுதிவிடுவாள் என்று அவள் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. மகன் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். இந்த வருடம் கொஞ்சம் கையில் சேர்ந்ததும், அம்மாவிடம் கேட்காமலே டிக்கெட் எடுத்துவிட்டான். பத்து நாள். தராசு வீட்டுக்கு.

தராசு என்பது அவளுடைய தோழி. ஒரே மேசையில் எட்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். இவள் கட்டுவாள், அவள் எடை போடுவாள். பொட்டலம் கைக்கு வந்ததும், தட்டில் வைப்பதற்கு முன்னால் தராசு எடையைச் சொல்லிவிடுவாள். பத்து கிராம் கூடக் குறைய இருந்தால் பெரிது. எடை இயந்திரம் பழுதாகிக் கிடந்த இரண்டு நாளும் மேலாளர் அவள் கையை நம்பித்தான் ரசீது போட்டார். வாடிக்கையாளர் கட்டியே கொண்டுவந்த பெட்டி என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று இவள் ஊகிக்க வேண்டும், எத்தனை கிராம் என்று அவள் சொல்ல வேண்டும், தோற்றவள் எழுந்து போய் டீ வாங்கி வர வேண்டும். எட்டு வருடத்தில் தராசு டீ வாங்கப் போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தராசின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து இருவரும் கிளம்பிப்போய்ப் பதினான்கு வருடம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் போனை வைக்க மனசு வராமல் ஒரு மணி நேரம் பேசினார்கள். அது அரை மணியாகி, கால் மணியாகி, இப்போது நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அங்க மழையா, இங்க வெயில் என்பதோடு முடிந்துவிடுகிறது. டிக்கெட் கையில் வந்த நாளிலிருந்து பேக்கிங் அக்காவுக்கு அதுதான் மனசை அரித்தது. எட்டு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்த பழக்கம் மட்டும்தானா? மேசை போனதும் அதுவும் போய்விட்டதா? பத்து நாள் ஒரு வீட்டில் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு என்ன பேசுவது? உன்னை நான் மறக்கவில்லை என்று வாயால் சொல்கிற வழக்கம் இருவருக்கும் கிடையாது. கொண்டுபோகிற சாமான்தான் அதைச் சொல்ல வேண்டும்.

அங்கேதான் இடித்தது. வெளிநாட்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று வாடிக்கையாளர் கேட்டால் அவள் தும்முகிற நேரத்துக்குள் பதில் சொல்லிவிடுவாள். ஒரு கிலோவுக்குள், உடையாதது, ஒழுகாதது, நாறாதது. தனக்கென்று வந்தபோது ஒரு மாதம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள்.

பீங்கான் கோப்பை ஆறு வாங்கலாமா என்று பார்த்தாள். கட்டிவிடலாம், அது பிரச்சினை இல்லை. ஆனால் கோப்பை இல்லாத வீடு எது? படுக்கை விரிப்பு இரண்டு கிலோ. சுவர்க் கடிகாரம் கொடுத்தால், பதினான்கு வருடமாக அவர்கள் மணி தெரியாமலா இருந்தார்கள் என்று இருக்கும். தின்பதற்கு ஏதாவது என்றால் விமான நிலையத்தில் பிடுங்கிப் போடுவார்கள், பிடுங்காவிட்டாலும் மூன்று நாளில் தீர்ந்துவிடும். பழைய புகைப்படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோகச் சொன்னான் மகன். அது அவளுக்கு அறவே பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கண்டது அதுதான்: முக்கால்வாசிப் பேர் தங்கள் மூஞ்சியைத்தான் பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள். என்னை நினைத்துக்கொள், என்னை நினைத்துக்கொள் என்று ஒவ்வொரு பெட்டியும் கத்துகிறது. வாங்குகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக் கட்டியது நூறில் நாலு தேறாது.

தராசிடமே கேட்டாள். "ஒண்ணும் வேண்டாம். நீ வந்தா போதும்," என்று பதில் வந்தது. எல்லாரும் சொல்கிற பதில்.

ஒரு மத்தியானம், ஆள் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, எதிர் நாற்காலியைப் பார்த்தபடி இருந்தாள். இப்படிப்பட்ட நேரத்தில் தராசு என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்ததும் விடை வந்து நின்றது. பின்னிக்கொண்டிருப்பாள். மேசைக்கு அடியில் மடியில் நூல் உருண்டை, இரண்டு ஊசிகள், கண் மட்டும் வாசலில். அந்த எட்டு வருடத்தில் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று பின்னிக் கொடுத்திருக்கிறாள். கணவருக்குக் கரும்பச்சையில் ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்து, ஒரு கை பாக்கி இருக்கும்போது அந்த நிறம் கடையில் தீர்ந்துபோனது. ஊரெல்லாம் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் வேறு பச்சையில் முடித்தாள். லிஃப்ட்காரர் அதையும் போட்டுக்கொண்டு அலைந்தார். ஒரு கை வெளியூர்க் கை என்று அலுவலகத்தில் கிண்டல் செய்தார்கள்.

நூல் உடையாது, ஒழுகாது, நாறாது. காற்றை எடுத்துவிட்டால் பெட்டியின் ஓரத்தில் செருகிவிடலாம். ஆறு கடை ஏறி இறங்கினாள். ஏழாவது கடைக்காரர் ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். தூசியைத் தட்டினால் அதே கரும்பச்சை. ஏழு உருண்டைகள்தான் இருந்தன. ஒவ்வொன்றும் ஐம்பது கிராம். ஏழையும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

விமான நிலையத்துக்கு லிஃப்ட்காரர் வந்திருந்தார். தலை நரைத்து, கொஞ்சம் இளைத்திருந்தார். வீட்டில் அடுப்பு வேலையாக இருக்கிறாள், அதனால் வரவில்லை என்றார். காரில் வழி முழுக்க லிஃப்டைப் பற்றியே பேசினார். எந்தக் கட்டடத்தில் எத்தனை மாடி, எதில் கதவு மக்கர், எதில் ஆள் மாட்டிக்கொண்டது. நடுவில் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று இவள் திரும்பினாள். அவர் மென்று விழுங்கிவிட்டு இன்னொரு கட்டடத்தைக் காட்டினார்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்து தராசு நின்றிருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். தொளதொளவென்று ஒரு ஸ்வெட்டர், வலது கை அதன் பைக்குள். இடது கையால் இவள் கழுத்தை வளைத்து இழுத்து, தோளில் நாடியை வைத்து அழுத்தினாள்.

பேக்கிங் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "சொல்லு."

தராசு அதை வாங்கி மேலும் கீழும் அசைத்தாள். "முன்னூறு."

"நானூத்திப் பத்து."

"போச்சு போ. பழக்கம் விட்டுப்போச்சு," என்று சிரித்துவிட்டு தராசு அதைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்தாள். "அப்புறம் பிரிக்கறேன். உள்ள வா, களைச்சுப்போய் வந்திருப்ப."

அந்த 'அப்புறம்' அன்றைக்கு வரவில்லை. மறுநாள் காலையில் பொட்டலம் செருப்பு அலமாரியிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் தலைக்கு மாறியிருந்தது, பிரிக்காமலே. அதன் மேல் மின்சார அட்டையும் ஒரு குடையும் கிடந்தன. அலுவலகத்தில் பின்புறச் சுவரோரம் ஒரு அலமாரி உண்டு. வாங்க மறுத்துத் திரும்பி வந்த பொட்டலங்கள் அதில் இருக்கும். அவை எப்படிக் கிடக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணை அந்தப் பக்கம் திருப்பாமல் இருக்கப் பார்த்தாள். கண் அங்கேதான் போனது.

பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. தராசு பேசிக்கொண்டேதான் இருந்தாள். மேலாளரின் வழுக்கை எதுவரைக்கும் வந்திருக்கிறது, முத்திரைக்காரர் இன்னும் ஊதா மையைச் சட்டையில் துடைக்கிறாரா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். ஆனால் எதையும் செய்யவில்லை. உட்கார்ந்த இடத்தில் இருந்தாள். சமைத்தது, பாத்திரம் தேய்த்தது எல்லாம் லிஃப்ட்காரர். சாப்பாடு இடது கையில், கரண்டியால். இந்த ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது, பதினான்கு வருடத்தில் ஆள் சொகுசாகிவிட்டாள் என்று பேக்கிங் அக்கா நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் கொஞ்சம் கசந்தது. வீட்டில் ஊசியோ நூலோ கண்ணில் படவே இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் தராசு படுத்திருந்தாள். டீ போடலாம் என்று இவள் சமையலறைக்குள் போய் அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த வீட்டில் மூடியது என்று ஒன்றுமே இல்லை. சர்க்கரை டப்பாவின் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. டீத்தூள், உப்பு, மிளகு எல்லாம் அப்படியே. பிஸ்கட், ரவை, பாஸ்தா என்று ஒவ்வொரு பாக்கெட்டும் தலை வெட்டப்பட்டு ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. எண்ணெய்ப் பாட்டிலுக்கு மூடியே இல்லை. பால் அட்டைப்பெட்டியின் மூக்கு வெட்டிக் கிடந்தது. அவள் கை பரபரவென்றது. அடுத்த வீட்டுக் குழந்தை மூக்கு ஒழுகிக்கொண்டு வந்து நின்றால் துடைக்காமல் இருக்க முடியுமா? கைப்பையில் எப்போதும் ஒரு நாடா உருளை இருக்கும். எடுத்துக்கொண்டு வந்தாள். பாக்கெட்டுகளின் வாயை மூன்று மடிப்பு மடித்து ஒட்டினாள். மூடிகளைத் துணி போட்டுப் பிடித்து இறுக்கினாள். எண்ணெய்க்கு மூடியைத் தேடிக் கண்டுபிடித்தாள். மொத்தம் பத்தொன்பது. அளவு வாரியாக அடுக்கி, பெயர் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள். பரிசு பிரிக்கப்படாத வருத்தம் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. இந்த வீட்டில் தன் கையால் ஏதோ ஒன்றாவது உருப்படியாக நடந்தது.

அன்று மாலை லிஃப்ட்காரர் இருவரையும் வெளியே சாப்பிட அழைத்துப்போனார். திரும்பி வந்து எல்லாரும் படுத்துவிட்டார்கள். சமையலறைக்குள் யாரும் போகவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் அவர் வேலைக்குக் கிளம்பிப்போன சத்தம் கேட்டது.

ஆறரை மணிக்குப் பேக்கிங் அக்கா எழுந்து வந்தாள். சமையலறை வாசலில் கால் நின்றது.

தராசு தரையில் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை டப்பாவை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது உள்ளங்கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கை வழுக்கியது. நைட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினாள். வழுக்கியது. பக்கத்தில் டீத்தூள் டப்பா உருண்டு கிடந்தது, அதுவும் திறக்கவில்லை. ஸ்வெட்டர் இல்லை. வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் உள்பக்கம் மடங்கி, வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன கை மாதிரி. அடுப்பில் தண்ணீர் கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது.

பேக்கிங் அக்கா முதலில் அடுப்பை அணைத்தாள்.

தராசு நிமிர்ந்து பார்த்தாள். "இறுக்கி மூடினது நீயா?"

"ஆமா."

"எத்தனை?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா? பாவி." தராசு டப்பாவை முழங்காலிலிருந்து விட்டாள். அது உருண்டு சுவரில் போய் முட்டியது. "அந்த மனுஷன் தினமும் ராத்திரி ஒவ்வொண்ணா தளத்தி வெச்சிட்டுப் படுப்பாரு."

பேக்கிங் அக்கா எதிரே தரையில் உட்கார்ந்தாள். எதிரெதிரே உட்கார்வது இருவருக்கும் தெரிந்த வேலை. எப்போதிலிருந்து என்று கேட்டாள். எட்டு மாதம் என்றாள் தராசு. ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. காலும் பேச்சும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டன. கை திரும்பவில்லை.

எட்டு மாதம். பேக்கிங் அக்கா கணக்குப் போட்டாள். எப்போதாவது எழுத்தில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவள் குரலில் அனுப்ப ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான். சோம்பேறி என்று இவள் நினைத்தாள். போனில் முகம் பார்க்கலாம் என்றால் கேமரா கெட்டுவிட்டது என்பாள். அதையும் இவள் நம்பினாள். வாசலில் தராசு சொன்ன அந்த முன்னூறு நினைவுக்கு வந்தது. நூற்றுப் பத்து கிராம் தப்பு. அவள் கை அவ்வளவு தப்பாகச் சொல்லாது என்று தெரிந்தவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான், தனக்கே உறைக்கவில்லை.

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"வந்திருப்பேன்."

"அதான். ஆயாவா வந்திருப்ப. மாவு பிசைஞ்சு, தலை வாரிவிட்டு, மூக்கைச் சிந்திட்டுப் போயிருப்ப. அங்க போய் முத்திரைக்காரர்கிட்ட சொல்லி, அந்த ஆளு ஊர் பூரா முத்திரை குத்தியிருப்பாரு." தராசு மூச்சு வாங்கினாள். "பதினாலு வருஷமா கூப்பிடறேன். ஒரு தடவையாவது நீ விருந்தாளியா வந்து உக்காரணும்னு பாத்தேன். அவர்கிட்டயும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சேன்."

அழுதால் ஆயா என்று ஆகிவிடும். பேக்கிங் அக்கா எழுந்து, அலமாரியைத் திறந்து, மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். தான் ஒட்டிய நாடாவைத் தானே உரித்தாள். சர்க்கரையை எடுத்து, தண்ணீரை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். பத்தொன்பதும் முடிகிறவரை தராசு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை எடு," என்றாள் கடைசியில், குளிர்சாதனப் பெட்டியின் தலையைக் காட்டி.

"வேண்டாம். அது இருக்கட்டும்."

"எடுன்னா எடு. வாசல்ல வாங்கினப்பவே தெரிஞ்சுபோச்சு, உன் கட்டை என்னால பிரிக்க முடியாதுன்னு. உன் முன்னாடி அவரைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லணுமேன்னுதான் மேல தூக்கி வெச்சேன். இப்ப என்ன, எல்லாம் தெரிஞ்சாச்சு. கொண்டா. நீ தொடக்கூடாது."

முக்கால் மணி நேரம் ஆனது. பேக்கிங் அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். தராசு பொட்டலத்தை முழங்காலால் அமுக்கிப் பழம் வெட்டும் கத்தியால் நாடாவின் ஓரத்தை நெம்பினாள். நாடா கிளம்பவில்லை. பல்லால் இழுத்தாள். ஒரு நுனி வந்தது. அதைப் பிடித்து இழுத்தால் உள்ளே இன்னொரு நாடா. உள்ளே என்ன, தங்கக் கட்டியா இருக்கிறது என்று கேட்டாள். இருபது வருடம் முன்னால் நீ கட்டிய பெட்டி ஒன்றை இன்னும் எவனோ பிரித்துக்கொண்டிருக்கிறான் என்றாள். மூலை மடிப்புக்கு வந்ததும் பேக்கிங் அக்காவின் பரம்பரையையே திட்டினாள். தன் வேலையின் ஒவ்வொரு சுற்றையும் பேக்கிங் அக்கா இப்போதுதான் மறுபக்கத்திலிருந்து பார்த்தாள். இது போதும் என்று ஓர் இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவே இல்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது, தராசுக்கும் இவளுக்கும். டீ ஆறிப் போனது.

காகிதம் போய்ப் பிளாஸ்டிக் பை வந்தது. கத்தி முனை பட்டதும் பை ஸ்ஸ் என்றது. தட்டைப் பலகை அசைந்தது. மெதுவாக மேடு தட்டி, பிரிந்து, ஒவ்வொரு உருண்டையாக எழும்பி வந்தது. தராசு கத்தியைக் கீழே வைத்தாள். பச்சையைப் பார்த்தாள். ஒரு உருண்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எங்கடி கிடைச்சுது?"

ஏழாவது கடையில் என்று இவள் சொன்னாள். ஏணி போட்டு இறக்கினதைச் சொன்னாள்.

"இதை வெச்சு நான் என்ன பண்றது?"

கோபமாகக் கேட்கவில்லை. விலாசம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பேக்கிங் அக்கா பதில் தேடினாள். மாற்றி வேறு வாங்கித்தருகிறேன், திருப்பி எடுத்துப்போய்விடுகிறேன், யாருக்காவது கொடுத்துவிடு. எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன.

"தெரியலடி," என்றாள்.

தராசு தலையை ஆட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது போலத் தெரிந்தது. எட்டு மாதமாக வந்தவர்கள் எல்லாருமே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்களாகவே வந்தார்கள் என்றாள். எண்ணெய் தேய், பந்தை அமுக்கு, நல்லதையே நினை, என் சித்தப்பாவுக்கு ஆறே வாரத்தில் சரியானது. நூல் கொண்டுவந்தது நீ ஒருத்திதான். அழலாம் போலவும் இருக்கிறது, உன்னை அடிக்கலாம் போலவும் இருக்கிறது என்றாள்.

"அடி."

"இடது கைல அடிச்சா உனக்கு உறைக்காது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் தராசுக்குக் கண்ணீர் வந்து, அது நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பேக்கிங் அக்கா எழுந்து போய்த் துடைக்கவில்லை. கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன.

நூலை எடுத்துப்போகட்டுமா என்று கேட்டதற்கு, கொடுத்தது கொடுத்ததுதான், என் சாமான் என் வீட்டில் இருக்கட்டும் என்று தராசு சொல்லிவிட்டாள். அப்புறம், ஆறிய டீயைக் குடித்துக்கொண்டே இன்னொன்றையும் சொன்னாள். வாரத்துக்கு மூன்று நாள் கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். விருந்தாளி வருகிறாள் என்பதற்காகப் பத்து நாளைக்கு வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஏற்கெனவே இரண்டு தடவை போகவில்லை. தோள் கல்லாகிவிட்டது, ராத்திரி வலியில் தூக்கமில்லை.

"எதுக்குடி வேண்டாம்னு சொன்ன?"

"எங்க போறேன்னு உன்கிட்ட என்ன சொல்றது? தினமும் காய்கறி வாங்கவா போவேன்?"

பேக்கிங் அக்கா போனை எடுத்து அவள் இடது கையில் வைத்தாள். தராசு எண்ணை அழுத்தினாள். அந்த ஊர் மொழியில் கொஞ்ச நேரம் பேசினாள், கெஞ்சுகிற குரலில், பிறகு அதட்டுகிற குரலில். போனை வைத்துவிட்டு, நாளைக்குக் காலை பத்து மணிக்கு ஒரு இடம் காலி இருக்கிறதாம் என்றாள்.

"நானும் வரட்டா?"

"வா. ஆனா பையை நான்தான் தூக்குவேன். பஸ்ல கையைப் பிடிச்சு ஏத்திவிடற வேலையெல்லாம் வெச்சுக்காத."

மறுநாள் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் ஐந்து மணிக்குப் போய்விட்டார். இருவரும் ஒன்பது மணிக்குக் கிளம்பி, இரண்டாவது நிறுத்தத்தில் பஸ் ஏறினார்கள். பயிற்சி அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் தரைத்தளத்தில் இருந்தது. கூட வந்தவர்களை உள்ளே விடவில்லை. பேக்கிங் அக்கா தாழ்வாரத்தில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அது வழியாகத் தராசின் முதுகும் பயிற்சி கொடுக்கிற பெண்ணின் முகமும் தெரிந்தன. மேசையில் துளைகள் போட்ட பலகை. மரக்குச்சிகளைத் துளைகளில் செருக வேண்டும். இருபதில் நான்கு செருகியதாக வெளியே வந்து தராசு சொன்னாள். போன மாதம் ஏழு செருகியிருந்தாள். இரண்டு தடவை வராததால் பின்னால் போய்விட்டது என்று அந்தப் பெண் திட்டினாளாம்.

திரும்பும்போது ரொட்டியும் உருளைக்கிழங்கும் வாங்கினார்கள். பையைத் தராசு தூக்கிக்கொண்டாள். மத்தியானம் வலி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினாள். பேக்கிங் அக்கா துணி துவைத்து உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டாள். ஆறு மணிக்கு லிஃப்ட்காரர் வந்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். தராசு சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றி வைத்தார். பிறகு போய் அடுப்பைப் பற்றவைத்தார். அடுத்த பயிற்சி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. விமானத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.